பாசிபிள் தானே, நடக்கலையே!

டிஸ்கி: இது பொட்டி தட்டற பதிவு. பொட்டி தட்டாத மக்களும் தைரியமா படிக்கலாம், ரயில்வே கேட்ல ஒரு தடவையாவது மாட்டின அனுபவம் இருந்தா போதும். கம்பெனி பேர், ஆள் பேர் எதுவும் சொல்லப் போறதில்லை. தனி மெயில்லயும் கேக்காதீங்க.

நண்பர் ஒருத்தர் போன வாரம் ஒரு பதிவு போட்டிருந்தார். டிரைவர் கோட்ல டெட்லாக் வருமான்னு நாள் கணக்கா உக்காந்து ஆராயறது இல்லாத ஊருக்குப் போகாத வழி தேடற வேலையாம். 72 மணி நேரம் டெஸ்ட் ஓட்டு, தொங்கலைன்னா அனுப்பு, எப்பவாவது தொங்கினா ரீசெட் பண்ணு, வாட்ச்டாக் எதுக்கு இருக்கு? இதுதான் சாராம்சம். கீழே "சூப்பர் தல", "ரிப்பீட்டே"ன்னு வரிசையா பின்னூட்டம் வேற. பின்னூட்டத்துல பதில் சொல்ல ஆரம்பிச்சேன், நீண்டுக்கிட்டே போச்சு. அதான் தனிப் பதிவு.

முதல்ல அந்த வார்த்தை. லினக்ஸ் கர்னல்ல லாக்டெப்னு ஒரு சமாச்சாரம் இருக்கு. இங்கோ மால்நார் எழுதினது, 2006 செப்டம்பர்ல வந்த 2.6.18 பதிப்புல சேர்ந்தது. அதை ஆன் பண்ணி டிரைவரை ஓட்டினா, சில சமயம் ரெண்டு திரை நீளத்துக்கு ஒப்பாரி வைக்கும். அதோட முதல் வரி "பாசிபிள் சர்க்குலர் லாக்கிங் டிபெண்டென்சி டிடெக்டட்". இதுல கடைசி நாலு வார்த்தையை நம்மாளுங்க படிக்கறதே இல்லை. முதல் வார்த்தையோட நிறுத்திடுவாங்க. "பாசிபிள் தானே பாஸ், நடக்கலையே!"

டெட்லாக்னா என்னன்னு திருவள்ளூர் லைன்லயோ கும்மிடிப்பூண்டி லைன்லயோ ரயில்வே கேட் பக்கம் குடியிருக்கறவங்களுக்கு யாரும் கிளாஸ் எடுக்க வேண்டாம். கேட் மூடியிருக்கு. இடது பாதியில வரிசையா நிக்க வேண்டிய வண்டிங்க, பொறுமை இல்லாம வலது பாதியையும் அடைச்சு நிக்குது. எதிர்ப் பக்கமும் அதே கதை. ரயில் போயாச்சு, கேட்டைத் தூக்கியாச்சு. இவன் போகணும்னா அவன் நிக்கற இடம் வேணும், அவன் போகணும்னா இவன் நிக்கற இடம் வேணும். பின்னாடி எடுக்கலாம்னா ஷேர் ஆட்டோ முட்டிக்கிட்டு நிக்குது. எல்லாரும் ஹாரன் அடிப்பாங்க, யாரும் நகர மாட்டாங்க. 1971-ல் காஃப்மனும் இன்னும் ரெண்டு பேரும் சேர்ந்து எழுதின கட்டுரையில டெட்லாக்குக்கு நாலு நிபந்தனை சொன்னாங்க. நாலும் அந்தக் கேட்ல ஆஜர். ஒரு இடத்துல ஒரு வண்டிதான் நிக்க முடியும். பிடிச்ச இடத்தை விடாமலே அடுத்த இடத்துக்குக் காத்திருக்காங்க. யாரும் வந்து வண்டியைத் தூக்கி ஓரமா வைக்க முடியாது. காத்திருத்தல் வட்டமா சுத்தி வந்து நிக்குது. டைக்ஸ்ட்ரா இதுக்கு மரண அணைப்புன்னு பேர் வெச்சார். வசூல்ராஜாவோட கட்டிப்புடி வைத்தியம் மாதிரி இல்ல, கட்டிப்புடிச்சே சாகறது.

டிரைவர்லயும் இதேதான். ஒரு திரெட் முதல்ல ஒரு பூட்டை எடுத்துட்டு ரெண்டாவது பூட்டுக்கு நிக்கும். இன்னொண்ணு ரெண்டாவதை எடுத்துட்டு முதல் பூட்டுக்கு நிக்கும். ரெண்டும் ஒரே நொடியில சந்திச்சா கதை முடிஞ்சது.

லாக்டெப்போட அழகு என்னன்னா, அது ஜாம் ஆகற வரைக்கும் காத்திருக்காது. காலையில ஒரு லாரி "முதல்ல இந்த இடம், அப்புறம் அந்த இடம்"னு போனதை நோட்ல குறிச்சு வெச்சுக்கும். சாயங்காலம் இன்னொரு லாரி தலைகீழ் வரிசையில போச்சுன்னா உடனே விசில் அடிக்கும். ரெண்டு லாரியும் நேருக்கு நேர் பாக்கவே இல்லைன்னாலும் அடிக்கும். ஒவ்வொரு வரிசையும் தனித்தனியா ஒரே ஒரு தடவை நடந்தா அதுக்குப் போதும். எந்தெந்த நேரத்துல எது எதோட மோதும்னு அது கணக்குப் போட்டுச் சொல்லிடும். அதனால "பாசிபிள்"னு அது சொல்றது ஜோசியம் இல்ல மக்களே. "தப்பான வரிசை உன் கோட்ல ஏற்கெனவே இருக்கு, ரெண்டையும் நான் பார்த்துட்டேன், நேரம் மட்டும்தான் இன்னும் ஒத்து வரலை"ன்னு அர்த்தம். பக் வந்தாச்சு. தொங்கறது மட்டும்தான் பாக்கி.

இப்ப கும்மிடிப்பூண்டிக்கு வருவோம். நான் முன்னாடி வேலை பார்த்த கம்பெனி (பேர் வேண்டாம்) ஒரு லினக்ஸ் பொட்டி பண்ணி வித்தது. வே-பிரிட்ஜ்ல, அதாவது லாரியை ஏத்தி எடை போடற மேடையில இருக்கற இண்டிகேட்டர்ல இருந்து யுஎஸ்பி வழியா எடையைப் படிச்சு, சீட்டு அடிச்சு, சர்வருக்கு அனுப்பும். சிப்காட் பக்கம் ஒரு உருக்காலையில அதை மாட்டியிருந்தாங்க. இரும்பு ஸ்கிராப் லாரி ராத்திரி பகலா வர்ற இடம். மாசத்துக்கு ஒரு தடவை, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை பொட்டி மாட்டிக்கும். எனக்கு வந்த முதல் போன் இன்னும் ஞாபகம் இருக்கு.

"சார், மவுஸ் நகருது சார். எடைதான் நகர மாட்டேங்குது."

"கேபிளை ஒரு தடவை கழட்டி மாட்டுங்கண்ணே."

"மாட்டிட்டேன் சார், ரெண்டு தடவை. வேற போர்ட்லயும் மாட்டிப் பாத்துட்டேன்."

அந்த அண்ணன் சொன்ன ஒவ்வொரு வரியும் ஒரு தடயம். மவுஸ் நகருதுன்னா மெஷின் உயிரோட இருக்கு. புதுசா எந்த போர்ட்ல மாட்டினாலும் எடுக்கலைன்னா யுஎஸ்பி வேலையைக் கவனிக்கற கர்னல் திரெட் எங்கேயோ நின்னு போச்சு. எடை சாஃப்ட்வேரை கில் மைனஸ் 9 அடிச்சாலும் சாகாது, ஏன்னா அது கர்னலுக்குள்ள பூட்டுக்காக 'டி' நிலையில காத்திருக்கு, அந்த நிலையில எமன் வந்தாலும் கூட்டிட்டுப் போக முடியாது. முறையா ஷட்டவுன் பண்ணினாலும் அதுவும் தொங்கும். கரண்ட்டைப் பிடுங்கறது ஒண்ணுதான் வழி. பிடுங்கினா? ஃப்ளாஷ் தேயக் கூடாதுன்னு லாக் எல்லாத்தையும் ரேம்லயே வெச்சிருந்தாங்க. சாட்சி மொத்தமும் காலி.

இதுல இன்னொரு கொடுமை. தொங்கும்போது திரையில கடைசியா வந்த எடை அப்படியே நிக்கும். அடுத்த லாரி ஏறினாலும் அதே எண். கணக்குப் பாக்கறவங்களுக்கு இது எப்படித் தெரியும்? கேபிளைப் பிடுங்கிட்டு, பழைய எடையை நிக்க வெச்சு, அடுத்த ஸ்கிராப் லாரியை அந்த எடையில ஏத்தி விடறான்னு தெரியும். லாக்ல ஒண்ணும் இல்லை. கேமராவுல பாத்தா ஆபரேட்டர் கேபிள்ல கை வெச்சிருக்கார். நம்ம சப்போர்ட்ல சொல்லித்தான் கை வெச்சார்ங்கறது கேமராவுக்குத் தெரியாது. அந்த அண்ணனை எடை மேடையில இருந்து தூக்கி ஸ்கிராப் யார்டுக்கு நைட் ஷிஃப்ட்ல போட்டுட்டாங்க. "எப்பவாவது தொங்கினா ரீசெட் பண்ணிக்கலாம்"னு ஏசி ரூம்ல உக்காந்து எழுதறோமே, அந்த ரீசெட் பட்டனை அமுக்கற விரல் யாரோடது, அதுக்கப்புறம் அந்த ஆள் யார் யாருக்குப் பதில் சொல்லணும்னு எவனும் யோசிக்கறதில்லை.

நான் திருவள்ளூர்ல இருந்து பைக்ல பெரியபாளையம் பக்கமா சுத்தி அங்கே போனேன். (ரெண்டும் ஒரே மாவட்டம்தான், பேருக்கு. ரயில்ல போகணும்னா சென்னைக்குள்ள போய்த் திரும்பி வரணும்.) லாக்கை வேற மெஷினுக்கு அனுப்ப ஏற்பாடு பண்ணி வெச்சதும் விஷயம் பிடிபட்டது. ஃபர்னஸ் ஓடற நேரத்துல கர்னலே ஒரு வரி எழுதுது: "டிஸேபிள்டு பை ஹப் (ஈஎம்ஐ?), ரீ-எனேபிளிங்". கேள்விக்குறி கர்னல் போட்டதுதான், நான் போட்டது இல்ல. கரண்ட் இரைச்சல்ல யுஎஸ்பி இணைப்பு ஒரு கணம் விட்டுப் போய்த் திரும்பி வருது. சில சமயம் அது முழு டிஸ்கனெக்ட்டாவே ஆயிடுது, அப்போ டிரைவரோட டிஸ்கனெக்ட் ஃபங்ஷன் ஓடும். அது பண்ற முதல் காரியம் ம்யூட்டெக்ஸை எடுக்கறது. அதைக் கையில வெச்சுக்கிட்டே, எடை படிக்கற ஒர்க் முடியட்டும்னு கேன்சல்-ஒர்க்-ஸிங்க் கூப்பிட்டுக் காத்திருக்கு. அந்த ஒர்க் என்ன பண்ணுது? அதே ம்யூட்டெக்ஸுக்காக வாசல்ல நிக்குது. இவன் முடிஞ்சாத்தான் அவன் விடுவான், அவன் விட்டாத்தான் இவன் முடிப்பான். ஸிஸ்ரிக் டபிள்யூ அடிச்சு மாட்டிக்கிட்ட திரெட்களோட பட்டியலை எடுத்தா ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல, கையும் களவுமா.

சரிபண்ண எவ்வளவு? ரெண்டு வரியை மேல கீழ மாத்தணும். முதல்ல கேன்சல், அப்புறம் பூட்டு. அவ்வளவுதான்.

ஆனா என் வயித்தெரிச்சல் அது இல்ல. திரும்பி வந்து பக் டிராக்கரைக் கிளறினா, நான் அந்தக் கம்பெனியில சேர்றதுக்கு முன்னாடியே, லேப்ல டெஸ்ட் பண்ண ஒரு பொண்ணு இதே லாக்டெப் எச்சரிக்கையை முழுசா ஒட்டிப் போட்டிருந்தாங்க. ஓடிக்கிட்டு இருக்கும்போது ஒரு தடவை கேபிளைக் கழட்டியிருக்காங்க, அவ்வளவுதான். தொங்கவே இல்லை, விசில் மட்டும் வந்திருக்கு. பக்கை மூடினதுக்கு டேமேஜர் எழுதின காரணம்: "பாசிபிள் ஒன்லி. நாட் ரீப்ரொட்யூஸிபிள்."

இப்ப நண்பரோட 72 மணி நேரத்துக்கு வருவோம். கணக்கு ரொம்ப சுலபம். எடை படிக்கற ஒர்க் 200 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை ஓடுது. அதுல டிஸ்கனெக்ட் வந்து விழக் கூடாத நேரம் 1 மில்லி செகண்டுன்னு வெச்சுக்குவோம். அப்போ 200 டிஸ்கனெக்டுக்கு ஒரு தடவை மாட்டும். ஒரு ஆலையில ஒரு நாளைக்கு 3 டிஸ்கனெக்ட்னா ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை. இந்த மாதிரி 40 இடத்துல பொட்டியை வித்தா, ஒண்ணரை ரெண்டு நாளைக்கு ஒரு தடவை எங்கேயோ ஒருத்தர் போனைத் தூக்கறார். லேப்ல 72 மணி நேரமும் கேபிள் அசையாம மேஜை மேல கிடந்ததுன்னா, நீங்க அந்த பக்கை டெஸ்ட் பண்ண தடவை எத்தனை? பூஜ்யம். 72-ஐ 720 ஆக்கினாலும் பூஜ்யம்தான்.

மணிக்கணக்கை நம்பறவங்களுக்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கு. 2003 ஆகஸ்ட் 14 அன்னிக்கு அமெரிக்கா வடகிழக்குலயும் கனடாவுலயும் சேர்த்து சுமார் 5 கோடிப் பேருக்கு கரண்ட் போச்சு. ஒஹையோவுல ஒரு மின் கம்பெனியோட கண்ட்ரோல் ரூம்ல அலாரம் சாஃப்ட்வேர் சத்தமில்லாம நின்னு போனதும் அதுக்கு ஒரு காரணம். உள்ளே இருந்தது ரேஸ் கண்டிஷன். டெட்லாக்குக்கு ஒண்ணுவிட்ட தம்பி, அதுவும் நேரம் ஒத்து வந்தாத்தான் தலைகாட்டும். அந்த சாஃப்ட்வேர் அதுக்கு முன்னாடி பல இடங்கள்ல மொத்தம் 30 லட்சம் மணி நேரத்துக்கு மேல ஓடியும் இந்த பக் வெளியில வரலைன்னு அதைப் பண்ணின கம்பெனியே சொன்னது. 30 லட்சம்! நாம 72-ஐ வெச்சுக்கிட்டு காலரைத் தூக்கி விட்டுக்கறோம்.

வாட்ச்டாக் மேட்டருக்கு வர்றேன். எங்க பொட்டியிலும் வாட்ச்டாக் இருந்தது, நல்ல ஹார்டுவேர் வாட்ச்டாக். குரைக்கவே இல்லை. ஏன்? தொங்கினது ரெண்டு மூணு திரெட் மட்டும்தான், மிச்ச சிஸ்டம் ஜம்முனு ஓடிக்கிட்டு இருந்தது. வாட்ச்டாக்குக்கு சோறு வைக்கற புரோகிராமும் வேளாவேளைக்கு வெச்சுக்கிட்டே இருந்தது. வயிறு ரொம்பின நாய் எதுக்குக் குரைக்கும்?

குரைச்சாலும் அது வைத்தியம் இல்ல. 1997 ஜூலை 4-ஆம் தேதி செவ்வாய்ல இறங்கின பாத்ஃபைண்டர் கதை உங்கள்ல பல பேருக்குத் தெரியும். திரும்பத் திரும்ப ரீசெட் ஆச்சு. அது டெட்லாக் இல்ல, பிரையாரிட்டி இன்வெர்ஷன். ஆனா பூட்டுக் குடும்பம்தான். அதுலயும் ரீசெட் வேலை செஞ்சது, விண்கலம் பிழைச்சது. அதோட அவங்க போய்ப் படுத்துக்கலையே. பூமியில இருந்த நகல் மெஷினை ட்ரேஸ் போட்டு ஓட்டி, காரணத்தைக் கண்டுபிடிச்சு, ம்யூட்டெக்ஸ்ல பிரையாரிட்டி இன்ஹெரிடன்ஸை ஆன் பண்ற மாற்றத்தை அங்கே வரைக்கும் அனுப்பினாங்க. செவ்வாய்க்குப் பேட்ச் அனுப்பலாம், கும்மிடிப்பூண்டிக்கு அனுப்ப முடியாதா? அவ்வ்வ்வ்.

"லாக்டெப் பொய் விசில் அடிக்குமே"ன்னு ஒருத்தர் பின்னூட்டத்துல கேட்டிருந்தார். அடிக்கும், ஒத்துக்கறேன். ஒரே இடத்துல இனிஷியலைஸ் ஆகற பூட்டுகளை எல்லாம் அது ஒரே ஜாதியாத்தான் பார்க்கும். ஒரு அப்பா டிவைஸோட பூட்டை எடுத்துட்டு பிள்ளை டிவைஸோட பூட்டை எடுத்தா, ஒரே பூட்டை ரெண்டு தடவை எடுக்கறதா நினைச்சு அலறும். அதுக்குத்தான் நெஸ்டட் வகையறா இருக்கு, இது வேற படின்னு சொல்லிக் கொடுக்கலாம். ஆனா பொய்யா நிஜமான்னு எப்படித் தெரியும்? ரெண்டு சங்கிலியையும் கையில எடுத்து, எந்தக் கான்டெக்ஸ்ட்ல எது ஓடுது, ரெண்டும் ஒரே நேரத்துல ஓட முடியுமா, இன்டரப்ட்ல இருந்து வர முடியுமான்னு படிச்சாத்தான் தெரியும். அந்தப் படிப்பைத்தானே நண்பர் வெட்டி வேலைன்னு சொல்றார்? பாக்காமலே பொய்னு முடிவு பண்றதும், வாயை அடைக்கறதுக்காக நெஸ்டட்னு ஒட்டி விடறதும், ஃபயர் அலாரத்து மேல துணியைக் கட்டி விடற வேலை. நானே ஒரு கோட்ல பார்த்திருக்கேன், மேலே கமெண்ட்: "டு சைலன்ஸ் வார்னிங்". நல்லா இருங்கய்யா.

இன்னொண்ணு, இது நிறைய பேருக்குத் தெரியறதில்லை. லாக்டெப் ஒரு தடவைதான் கத்தும். முதல் எச்சரிக்கையைக் கொடுத்ததும் தன்னைத் தானே நிறுத்திக்கும். அடுத்த பூட் வரைக்கும் அது எதையும் பாக்காது. அப்போ "இது பழைய வார்னிங், பூட் ஆகும்போதே வரும், கண்டுக்காதீங்க"ன்னு ஒண்ணை விட்டு வெச்சா, அன்னிக்கு முழுக்க நீங்க ஓட்டற டெஸ்ட் எல்லாமே குருட்டு டெஸ்ட். பின்னாடி பத்து பக் இருந்தாலும் ஒரு சத்தமும் வராது. டீமும் "ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு"ன்னு சந்தோஷமா ரிலீஸ் பண்ணும்.

ஒற்றை கோர் மெஷின்ல வருஷக்கணக்கா ஓடின கோட்தானேன்னு சொல்றவங்களுக்கு: அந்தக் காலத்து ஒற்றைப் பிராசசர் கர்னல்ல ஸ்பின்லாக் கம்பைல் ஆகும்போதே காத்தா கரைஞ்சு போயிடும், பூட்டே இருக்காது. பூட்டே இல்லாத வீட்ல சாவி மாறிப் போச்சுன்னு எப்படித் தெரியும்? ரெண்டு கோர் மெஷினுக்கு மாத்தின அன்னிக்குத்தான் அது முதல் தடவையா நிஜப் பூட்டு. இன்டரப்ட் ஹேண்ட்லர் எடுக்கற ஸ்பின்லாக்கை வெளியில இன்டரப்டை அடைக்காம எடுத்திருந்தா, அதே கோர்ல இன்டரப்ட் வந்து விழற வரைக்கும்தான் ஆயுள்.

எனக்கு நிஜமாவே வெக்கமா இருந்தது எங்கேன்னா, அந்த உருக்காலை வாசல்ல. சிப்காட்ல பல ஆலை வாசல்கள்ல ஒரு போர்டு பாத்திருப்பீங்க, விபத்து இல்லாத நாட்கள் எத்தனைன்னு எண்ணை மாத்தி மாத்தி எழுதுவாங்க. உள்ளே ஒரு நியர்-மிஸ் ரிஜிஸ்டர் இருந்தது. கிரேன் கொக்கியில இருந்து ஒரு துண்டு கீழே விழுந்தது, அந்த இடத்துல யாரும் நிக்கலை, யாருக்கும் அடி இல்லை. அதையும் எழுதணும். ஏன் விழுந்தது, யார் சரிபண்ணினாங்க, எந்தத் தேதியில, கையெழுத்து. "யார் மேலயும் விழலையே, அப்புறம் என்ன"ன்னு அங்கே ஒரு சூப்பர்வைசர் சொல்லிட்டு அடுத்த வேலைக்குப் போக முடியாது. பத்தாவது முடிச்சவங்க பல பேர் வேலை பாக்கற இடம் அது. லாக்டெப் எழுதிக் கொடுக்கறது அச்சு அசலா அதே நியர்-மிஸ் ரிப்போர்ட்தான், எந்த ஃபங்ஷன், எந்த வரிசைங்கறது வரைக்கும். பி.ஈ. முடிச்ச நாம அதை "நாட் ரீப்ரொட்யூஸிபிள்"னு மூடறோம்.

இது ஏதோ கிறுக்குப் பசங்களோட ஆராய்ச்சின்னு நினைக்கறவங்களுக்கு இன்னும் ரெண்டு தகவல். 2001-ல் லினக்ஸ் கோட்களை அலசின ஒரு ஸ்டான்ஃபோர்டு ஆய்வு, கர்னலோட மத்த பகுதிகளை விட டிரைவர்கள்ல பிழை விகிதம் மூணுல இருந்து ஏழு மடங்கு வரைக்கும் அதிகம்னு சொல்லிச்சு. மைக்ரோசாஃப்ட்காரங்க இந்த டிரைவர் தொல்லை தாங்காமத்தான் டிரைவர் வெரிஃபையர்ல டெட்லாக் டிடெக்‌ஷனைச் சேர்த்தாங்க. அதுவும் லாக்டெப் மாதிரியேதான், தொங்கும் வரைக்கும் காத்திருக்காம வரிசை தப்பினதுமே ப்ளூ ஸ்க்ரீனைப் போட்டு நிறுத்திடும். பாசிபிள்னு கூட மரியாதையா சொல்லாது. அதுக்கு மேல ஒரு படி போய், டிரைவரை ஓட்டாமலே பூட்டு விதிகளை மீறுதான்னு கணக்குப் போட்டு நிரூபிக்கற ஸ்லாம்னு ஒரு ஆராய்ச்சியும் பண்ணினாங்க. பண்ணினவங்க தாமஸ் பாலும் ஸ்ரீராம் ராஜாமணியும். ராஜாமணி நம்ம கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல படிச்சவர். அதுல இருந்து பிறந்ததுதான் ஸ்டேட்டிக் டிரைவர் வெரிஃபையர். 2011-ல் ரெண்டு பேருக்கும் இதுக்காக சிஏவி விருது கொடுத்தாங்க. இன்னிக்கு மைக்ரோசாஃப்ட் அந்தக் கருவியை விட்டுட்டு கோட்க்யூஎல் பக்கம் போயிடுச்சு, அது வேற விஷயம். கிண்டியில படிச்ச ஒருத்தர் வருஷக்கணக்கா உக்காந்து "நடக்கலாம்" என்கிறதை நிரூபிக்கற வழியைத் தேடியிருக்கார். அது இல்லாத ஊரா?

லாக்டெப் போட்டா மெஷின் மெதுவாகும், ஃபீல்டுக்கு அனுப்ப முடியாதுன்னு சொல்லுவீங்க. வாஸ்தவம். யாரு ஃபீல்டுக்கு அனுப்பச் சொன்னா? லேப்ல ஒரு கர்னலைத் தனியா கம்பைல் பண்ணி வைங்க. டிரைவரோட ஒவ்வொரு கதவையும் ஒரு தடவை திறந்து மூடுங்க. கேபிளைக் கழட்டுங்க, படிச்சுக்கிட்டு இருக்கும்போதே ரிமூவ் பண்ணுங்க, ஸஸ்பெண்ட் பண்ணி எழுப்புங்க, எரர் வர வைங்க. 72 மணி நேரம் வேண்டாம், ஒரு மதியம் போதும். வர்ற முதல் எச்சரிக்கையைச் சரிபண்ணிட்டு மறுபடி பூட் பண்ணுங்க, ரெண்டாவது வருதா பாருங்க.

எங்க பேட்ச் போனதும் அந்த ஆலையில தொங்கறது நின்னுது. ஏன் தொங்கிச்சு, ஆபரேட்டர் மேல தப்பே இல்லைன்னு தமிழ்ல ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அப்படி எழுதினா கஸ்டமர் கிட்ட நம்ம தப்பை நாமே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு அனுப்ப விடலை. ரிலீஸ் நோட்ல போனது "ஸ்டெபிலிட்டி இம்ப்ரூவ்மென்ட்ஸ்". நான் பேப்பர் போடும்போது அந்த அண்ணன் இன்னும் யார்டுலதான் இருந்தார்.

நண்பரே, உங்க பதிவுக்கு வந்த பின்னூட்டம் எல்லாம் படிச்சேன். நான் கேக்கறது ஒண்ணுதான். உங்க 72 மணி நேர டெஸ்ட்ல கேபிளை எத்தனை தடவை பிடுங்கினீங்க? எண்ணை மட்டும் சொல்லுங்க.